இடது பக்கம் வேலை, வலது பக்கம் பேச்சு

படகு வேலைக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கத்தில் அன்று செய்த வேலையை எழுதுவேன்: எத்தனையாவது பூச்சு, எந்த எண் உப்புத்தாள், ரெசின் பசையை இறுகவைக்கும் ஹார்டனர் எவ்வளவு, மழையா வெயிலா. வலது பக்கத்தை அளவுப் படங்கள் வரைய ஒதுக்கியிருந்தேன். அது இரண்டே நாள்தான் நடந்தது. மூன்றாம் நாள் காலை, தபால் கொண்டுவரும் அம்மாள் வீட்டு முன்முற்றத்தில் டிரெய்லர் மேல் கிடந்த படகைப் பார்த்து நின்றுவிட்டார். கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டே, "இவ்வளவு அழகான ஒருத்தியை மழையில் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, நியாயமா?" என்று கேட்டார். அன்று மாலையே மூங்கில் வளைத்துத் தார்ப்பாய்க் கூடாரம் கட்டினேன். கூடாரம் கட்டிய கணக்கை இடது பக்கத்தில் எழுதினேன். அதற்குக் காரணமான பேச்சையும் எங்காவது எழுத வேண்டுமே என்று வலது பக்கத்தில் எழுதினேன். அன்றிலிருந்து வலது பக்கம் முன்பின் தெரியாதவர்களின் பேச்சுக்கு என்று ஆகிவிட்டது.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் நகரில். படகின் வகை டிராஸ்கம் லகர். நீளம் 18 அடி 9 அங்குலம், அகலம் 6 அடி 3 அங்குலம். அடியிலுள்ள இரும்பு நடுத்தகட்டைத் தூக்கிவிட்டால் 10 அங்குலத் தண்ணீரில் மிதக்கும்; இறக்கினால் 4 அடி ஆழம் வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த ஜான் வாட்கின்சன் தன் குடும்பத்தோடு பத்திரமாகக் கடலுக்குப் போய்வருவதற்காக வடிவமைத்தது. 1968இல் லண்டன் படகுக் கண்காட்சியில் வைத்தார். முதல் படகுகள் ஒட்டுப்பலகையில் செய்தவை. பிறகு டெவன் மாவட்டத்தில் ஃபைபரில் வார்க்கத் தொடங்கினார்கள். என்னுடையது அப்படி வார்த்த ஒன்று, 1970களைச் சேர்ந்தது.

இதைச் சின்னப் படகு என்பவர்களிடம் இரண்டு பயணங்களைச் சொல்வேன். 1969–70இல் டேவிட் பைல் என்பவர் ஒரு லகரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை போனார். 1978இல் வெப் சைல்ஸ் இன்னொரு லகரில் அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து கிளம்பிப் பசிபிக்கைக் கடந்தார். இரண்டும் மேல்தளம் மூடாத திறந்த படகுகள். நான் அத்தனை தூரம் போகப் போவதில்லை. பக்கத்திலுள்ள சிச்செஸ்டர் துறைமுகத்தின் கால்வாய்களில் இரண்டு மூன்று நாள் தங்கி, இரவில் கூடாரம் போட்டுப் படகிலேயே தூங்கி வருவதுதான் என் கடற்பயணம். அதற்கு இதைவிட நல்ல படகு எனக்குத் தெரியாது.

வாங்கும்போது மரம் எல்லாம் கறுத்திருந்தது. இரண்டு பாய்மரங்கள், பெரிய பாயைத் தாங்கும் பருமல், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழி, பக்கவாட்டுப் பட்டைகள், உட்காரும் பலகைகள் என்று இந்தப் படகில் மரவேலை நிறைய. வார்னிஷ் உரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கிக் கறை பிடித்திருந்தது. வார்னிஷைக் கெடுப்பது முதலில் வெயில்தான். புற ஊதாக் கதிர் மேற்பூச்சு வழியாக இறங்கி, அது மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைத் தளர்த்துகிறது. பிறகு ஒரு விரிசல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். அதனால் பழைய பூச்சின் மேலேயே பூசுவதில் பயனில்லை. அடிவரை எடுக்க வேண்டும்.

சூடான காற்றை ஊதி, இளகிய வார்னிஷைச் சுரண்டியால் எடுத்தேன். கருவியை ஒரே இடத்தில் பிடிக்கக் கூடாது, மரம் கருகிவிடும். கறுப்புக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். தூளாக விற்பார்கள், வெந்நீரில் கரைத்து, பிரஷால் தடவி, காய்ந்த பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கையுறை கட்டாயம். காய்ந்த தூளை மூச்சில் இழுத்தால் கெடுதல் என்பதால் நன்றாகக் கழுவாமல் உப்புத்தாளைத் தொடவே கூடாது. இரண்டு முறை தடவியதும், கறுத்துக் கிடந்த பட்டையிலிருந்து தேன் நிற மரம் வெளியே வந்தது. அன்று தபால் அம்மாள் கைவிரலால் தொட்டுப் பார்த்தார். "உள்ளே இது இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். என் நோட்டில் உள்ள பாராட்டுகளில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் இது ஒன்று. மரத்தின் அழகை நான் உண்டாக்கவில்லை, அது உள்ளேதான் இருந்தது என்பதை அந்தக் கேள்வி சரியாகப் பிடித்திருக்கிறது.

பிறகு 120, 180, 240 என்று உப்புத்தாள், எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே. குறுக்கே ஒரு முறை இழுத்துவிட்டால் அந்தக் கீறல் ஏழு பூச்சுக்கு அடியிலும் தெரியும். முதல் பூச்சில் வார்னிஷ் பாதி, அதை நீர்க்கவைக்கும் ஒயிட் ஸ்பிரிட் பாதி; மரத்துக்குள் இறங்குவதற்காக. இரண்டாவதில் ஸ்பிரிட் கால்வாசி. மூன்றாவதில் பத்தில் ஒன்று. நான்காவதிலிருந்து வார்னிஷ் மட்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் மெல்லத் தேய்த்து, தூசியை ஒட்டும் துணியால் துடைக்க வேண்டும். கழிகளின் முனைகளில் மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுத்தேன். மரம் தண்ணீர் குடிப்பது முனைகள் வழியாகத்தான்.

ஐந்தாம் பூச்சில் ஒரு தவறு. வேலை முடிந்து வந்து மாலை நான்கரைக்கு மேல் பூசினேன். இரவில் பனி இறங்கி, காலையில் பார்த்தால் பாய்மரம் முழுக்கப் பால் படிந்ததுபோல மங்கியிருந்தது. தேய்த்து எடுத்து மறுபடி பூசினேன். அன்று வந்த தபால் அம்மாள், "நேற்றைவிட இன்று அவள் முகம் வாடியிருக்கிறது" என்றார். எதுவும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு பூச்சு வேலையை மதியம் இரண்டு மணிக்குள் முடிப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். ஏழாம் பூச்சு காய்ந்த அன்று அவர் பாய்மரத்தில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனார். வலது பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறேன். அது பேச்சு இல்லைதான்; ஆனால் அந்தப் பக்கத்தில் அதற்கு இடமில்லை என்றால் வேறெதற்கு இடம்?

சுக்கானைப் பற்றிச் சொல்ல வேண்டும். லகரின் சுக்கான் ஒரு இரும்புத் தகடு. பின்தளத்திலுள்ள துளை வழியாக மேலிருந்து இறக்குவது. துத்தநாக முலாம் தேய்ந்து துருப்பிடித்திருந்தது. இதை வீட்டில் வண்ணம் பூசிச் சமாளிக்க முடியாது. கடல் தண்ணீரும் மணலும் இரண்டே மாதத்தில் அரித்துவிடும். பழைய துருவை அமிலத்தில் எடுத்து, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும். அதற்கான பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை பார்த்தவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எந்த டிராக்டரின் கலப்பை இது?" என்றார். கைப்பேசியில் படகின் படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் பார்த்தார். "இவளுக்கா? அப்படியென்றால் சொட்டு நிற்காமல் எடுத்துத் தருகிறேன்" என்றார். முலாம் தோய்த்த இரும்பின் கீழ் ஓரத்தில் துத்தநாகம் முள்முள்ளாக உறைந்து நிற்பது வழக்கம். என் சுக்கானில் அது இல்லை. அரம் எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஒரு படத்தைப் பார்த்ததற்காக ஒரு மனிதர் தன் கைத்திறனைக் கூடுதலாகக் கொடுத்தார்.

உடற்பகுதி வேலையின்போது இன்னொருவர் வந்தார். லகரின் ஃபைபர் உடலில் பலகை மேல் பலகை அடுக்கியதுபோல வரிகள் இருக்கும். ஒட்டுப்பலகைப் படகின் வடிவத்தை அப்படியே அச்செடுத்ததால் வந்தவை. அதனால் கேட்பவர்களில் பாதிப்பேர் கேட்பது "மரமா?" என்றுதான். இவர் கேட்கவில்லை. தெருவில் நாயோடு போனவர் உள்ளே வந்து, விரல் மடக்கி அணியத்திலிருந்து பின்பகுதி வரை தட்டிக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் நின்று மறுபடி தட்டினார். "இங்கே மட்டும் சுரம் மாறுகிறது" என்று சொன்னார். ஓய்வுபெற்ற படகுத் தச்சர். எங்கள் ஊர்ப் பக்கம் ஓடாவி என்போமே, அந்த வேலை. அவர் காட்டிய இடத்தில், ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டில் சிலந்திவலை போல மயிரிழை விரிசல்கள் இருந்தன. நான் அவற்றை மேல்கீறல் என்று நினைத்திருந்தேன். எப்போதோ பாறையில் இடித்து உள்ளேயுள்ள இழைத் துணியும் பிரிந்திருந்தது.

சிறு சாணைச் சக்கரத்தால் கெட்ட பகுதியைச் சாய்வாகத் தோண்டி எடுத்தேன். செங்குத்தாக வெட்டினால் புதிய துணி பிடிக்கும் இடம் குறைவு. தட்டின் ஓரம்போலச் சரிய வேண்டும். அசிட்டோனால் துடைத்து, சிறிதிலிருந்து பெரிதாக மூன்று அடுக்கு இழைத் துணி. பாலியெஸ்டர் ரெசினுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஹார்டனர். 15 டிகிரிக்குக் குறைந்தால் ரெசின் இறுகாமல் பிசுபிசுக்கும் என்பதால் கூடாரத்துக்குள் மின்விளக்கு எரித்துச் சூடாக்கினேன். மேலே ஜெல்கோட் தடவியதும் அதைப் பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். காற்றுப் பட்டால் மேற்பரப்பு இறுகாது. மறுநாள் தாளை உரித்து, தண்ணீர் தொட்டு 400, 800, 1200 எண் தாள்களால் தேய்த்து மெருகேற்றினேன். நிறம் பொருந்துவதற்குத்தான் அதிக நாள் ஆனது. பழைய வெள்ளை, வெள்ளையே இல்லை. அதில் துளி மஞ்சளும் அதைவிடக் குறைவாகக் கறுப்பும் கலக்க வேண்டியிருந்தது. ஒன்பது சோதனைத் துண்டுகள் செய்து வெயிலில் வைத்துப் பார்த்தேன்.

அவர் இரண்டு வாரம் கழித்து வந்து அதே இடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "இப்போது ஒரே பாட்டு" என்றார். நாயும் வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

அடுத்தது பெயர். என் படகின் பெயர் உள்ளான். வற்றிய சேற்றில் நீண்ட அலகால் குத்திக் குத்தி இரை தேடுமே, அந்தப் பறவை. சிச்செஸ்டர் துறைமுகம் வற்றும்போது சேறு மைல் கணக்கில் விரியும். குளிர்காலத்தில் உள்ளான் கூட்டங்கள் அங்கே வந்து இறங்கும். 10 அங்குலத் தண்ணீரில் அதே சேற்றின் ஓரமாக ஊர்ந்துபோகும் படகுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. ஒட்டுத்தாளில் அச்சடித்து ஒட்டலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. கையாலேயே எழுதினேன். காகிதத்தில் எழுத்தை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் துணியில் முடிந்து அதன்மேல் தட்டினால், உடலில் புள்ளிக் கோடு விழும். அந்தக் கோட்டில் எனாமல். ளகரத்தின் சுழிகள் இரண்டும் ஒரே அளவில் வர மூன்று முறை அழித்து எழுதினேன். புள்ளிகளை மட்டும் பிரஷால் வைக்கவில்லை, ஆணியின் தட்டைத் தலையைத் தோய்த்து அழுத்தினேன். அப்போதுதான் வட்டம் வட்டமாக வரும்.

இந்தப் பெயருக்குக் கிடைத்த பேச்சே நோட்டில் நான்கு பக்கம் இருக்கிறது. "தாய்லாந்து எழுத்தா?" "பெயரா, அலங்காரக் கோலமா?" அதே துறைமுகத்தின் கரையிலுள்ள எம்ஸ்வர்த் ஊரில் ஒரு சிறுமி, "நத்தைகள் வரிசையாகப் போகின்றன" என்று தன் தம்பிக்குக் காட்டினாள். தமிழ் என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் அழகாகத் திருப்பிச் சொன்னார்கள், ளகரம்தான் லகரமாகிவிட்டது. ஆங்கிலத்தில் படகை 'அவள்' என்பது வழக்கம். "அவள் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்பார்கள். பறவை என்பேன். பொறுமையுள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: உள்ளான் என்றால் எங்கள் மொழியில் 'அவன் இருக்கிறான்' என்றும் பொருள். ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "ஆக அவள், அவனாகவும் இருக்கிறாள். கடலில் துணைக்கு நல்லது" என்றார்.

மே மாதத்தில் தண்ணீரில் இறக்கினேன். அதற்கு முன்பே, படகை இழுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தில் நின்றபோது, பக்கத்து வண்டிக்காரர் எண்ணெய் போடுவதை நிறுத்திவிட்டு வந்தார். "எந்த நூற்றாண்டு?" என்று கேட்டார். இருபதாம் நூற்றாண்டு, 1970கள் என்றேன். நம்பவில்லை. "இல்லை, இவள் எங்கள் தாத்தாவுக்கு மூத்தவள்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித் தோன்றுவதற்குப் பாயின் நிறம் முக்கியக் காரணம். லகரின் பாய்கள் செங்காவி. இன்று அது பாலியெஸ்டர் துணியில் ஏற்றிய சாயம்தான். ஆனால் அந்த நிறத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பருத்தியிலும் ஆளி நாரிலும் பாய் நெய்த காலத்தில் ஈரத்தில் பூஞ்சை பிடித்து அவை மக்கிப்போகும். அதைத் தடுக்க மீனவர்கள் மரப்பட்டைத் துவர்நீரில் பாயை ஊறவைத்தார்கள். முதலில் ஓக் மரப்பட்டை. பிறகு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த காசுக்கட்டி. வெற்றிலையோடு மென்று நம் பாட்டிகள் வாய் சிவந்தார்களே, அதே காசுக்கட்டி. இங்கிலாந்து ஓவியங்களில் காணும் சிவந்த பாய்களில் பலவற்றுக்கு நிறம் கொடுத்தது நம் வெற்றிலைப் பெட்டியிலிருந்த பொருள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, "பாயின் நிறம் எவ்வளவு அழகு!" என்று யாராவது சொன்னால் எனக்கு என் பாட்டியைச் சொன்னது போலவே இருக்கிறது.

பாயில் செய்த வேலை கொஞ்சம்தான். துணி நன்றாக இருந்தது, தையல் நூல்தான் வெயிலில் இற்றிருந்தது. விரல் நகத்தால் கீறினால் அறுந்தது. பழைய ஊசித் துளைகளிலேயே புதிய பாலியெஸ்டர் நூலைக் கோத்துக் கையால் தைத்தேன். புதுத் துளை போட்டால் துணி அஞ்சல் தலை ஓரம்போலக் கிழிந்துவிடும். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றையும் மாற்றினேன். பருமல், பாய்மரத்தில் உராயும் இடத்தில் தோல் சுற்றினேன். தோலை ஈரமாக இழுத்துத் தைக்க வேண்டும். காயும்போது தானாக இறுகிக்கொள்ளும்.

சிச்செஸ்டர் துறைமுகத்தில் பாஷம் என்று ஒரு சிற்றூர் உண்டு. ஆங்கிலத்தில் Bosham என்று எழுதுவதற்கும் உச்சரிப்பதற்கும் தொடர்பில்லாத ஊர்; உள்ளூர்க்காரர் வாயில் ஏறக்குறைய நம் 'பாசம்' என்றே விழும். கடல் ஏறும்போது அங்கே கரையோரச் சாலையே மூழ்கும். தெரியாமல் வண்டி நிறுத்தியவர்கள் முழங்கால் தண்ணீரில் ஓடுவதை எல்லா வாரமும் பார்க்கலாம். நான் அங்கே படகுத்துறைச் சுவரில் கட்டி, தேநீர் போட்டுக் குடிப்பேன். சுவர் மேல் நடப்பவர்கள் எல்லாருக்கும் என் படகு முழுவதுமாகத் தெரியும். நோட்டில் பாதி அங்கே நிரம்பியதுதான்.

"பிஸ்கட் டின் மூடியில் இருந்த படகு இறங்கி வந்துவிட்டது" என்றார் ஒரு பெண்மணி. அவர் சொன்னது எந்த மூடி என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி டின்கள் இங்கே எல்லா வீட்டிலும் பொத்தானும் நூலும் போட்டுவைத்த நிலையில் இருக்கின்றன. இன்னொருவர் தேவாலயத்தைக் காட்டினார். அந்தத் தேவாலயம், நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற கதையைத் தையலில் சொல்லும் 11ஆம் நூற்றாண்டின் பேயோ துணிச்சித்திரத்தில் இடம்பெற்றது. பிறகு இங்கிலாந்தின் அரசரான ஹெரால்டு, பிரான்சின் நார்மண்டி நோக்கிக் கப்பலேறியது இந்த ஊரிலிருந்துதான். "ஹெரால்டு ஜெபம் முடித்து வருகிறார், கொஞ்சம் பொறுங்கள்" என்று அவர் என்னிடம் சொன்னார். ஐந்து வயதிருக்கும் ஒரு பையன் அப்பாவின் தோளிலிருந்து குனிந்து பார்த்து, "இது கொள்ளைக்காரர் கப்பலின் குட்டியா?" என்று கேட்டான். ஆமாம், அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கிறாள் என்றேன். "அம்மா வரும்வரை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பாயைப் பற்றிய கேள்விகளுக்கு நான் நின்று பதில் சொல்வேன். பெரிய பாயின் அடியில் கட்டை இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். "யாராவது திருடிவிட்டார்களா?" என்று உண்மையான கவலையோடு ஒருவர் கேட்டார். குழந்தைகள் இருக்கும் படகில் தலையை இடிக்கும் கட்டை வேண்டாம் என்றுதான் வாட்கின்சன் அப்படி அமைத்தார். காற்று திரும்பும்போது துணி மட்டும்தான் தலைமேல் போகும். கடைசியிலுள்ள சின்னப் பாயைத் துணி காயப்போட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. ஒருவர் எதிர்ப்படகிலிருந்து, "உங்கள் துண்டு கழன்று பறக்கிறது" என்று கத்தி எச்சரித்தார். அந்தப் பின்பாயை இறுக்கி மற்றவற்றை இறக்கிவிட்டால் படகு காற்றுக்கு முகம் கொடுத்து அமைதியாக நிற்கும். காற்று மிஞ்சும்போது பெரிய பாயைச் சுருக்கிக் கட்ட இரண்டு கையும் கிடைப்பது அதனால்தான். கையடக்கமான அந்தத் துணி என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

ஈஸ்ட் ஹெட் மணல்திட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாலை நங்கூரம் போட்டிருந்தேன். 45 அடியாவது இருக்கும் ஒரு படகிலிருந்து கணவனும் மனைவியும் ரப்பர் தோணியில் துடுப்புப் போட்டு வந்தார்கள். "எங்களைக் கடந்துபோன அத்தனை பேரும் உங்களைத்தான் படம் எடுக்கிறார்கள். அப்படி என்ன என்று பார்க்க வந்தோம்" என்றார் அந்த அம்மாள். ஏறிப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார்கள். எங்கே படுப்பீர்கள் என்றார்கள். நடுத்தகட்டுப் பெட்டியின் இரு பக்கமும் அடிப்பலகை மேல் படுக்கை விரிப்பேன். இரண்டு பாய்மரத்துக்கும் இடையே கயிறு கட்டி, கூடாரத் துணியை அதன் மேல் போடுவேன் என்று காட்டினேன். அவர் பட்டையின் வார்னிஷைத் தடவியபடியே இருந்தார். எத்தனை பூச்சு என்றார். ஏழு என்றதும் கணவரைப் பார்த்தார். "நாம் காசு கொடுத்து மூன்று பூசினோம்." போகும்போது கணவர் சொன்னது: "இதுதான் படகு. எங்களுடையது மிதக்கும் வீடு." அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த ஏக்கத்தை நோட்டில் எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

எல்லாப் பேச்சும் பாராட்டு அல்ல. எம்ஸ்வர்த்தில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "அழகிதான். ஆனால் இடது இடுப்பில் வலி இருக்கிறது" என்றார். நான் என் எடையால் சாய்ந்திருக்கும் என்றேன். "நீங்கள் இப்போது கரையில் நிற்கிறீர்களே" என்றார். போய்ப் பார்த்தேன். இடது பக்கப் பெட்டியின் திருகு மூடிக்குள் ரப்பர் வளையம் வெடித்து, உள்ளே 11 லிட்டர் தண்ணீர். குடத்தால் இறைத்து அளந்ததால் கணக்குத் தெரியும். வளையத்தை மாற்றி, அதன்மேல் சிலிகான் கிரீஸ் தடவினேன். மற்ற மூடிகளின் வளையங்களையும் அன்றே மாற்றினேன். இந்தப் பேச்சை வலது பக்கத்தில் எழுதியபோது இடது பக்கத்துக்கு அம்புக்குறி போட்டேன். நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அப்படி அம்புக்குறி போட வேண்டியவை நிறைய இருக்கின்றன: கூடாரம், ஐந்தாம் பூச்சு, சொட்டு நிற்காத சுக்கான், சுரம் மாறிய இடம்.

ஆகஸ்டில் பாஷத்துக்குப் போனபோது, சுவர் மேலிருந்து ஒரு குரல் "உள்ளான்!" என்றது. ளகரம் அச்சு அசலாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சேலையின் மேல் கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மா, பக்கத்தில் மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். "தம்பி, இந்த வள்ளம் உங்களுடையதா?" என்று கேட்டார். ஆமாம் அம்மா என்றேன். யாழ்ப்பாணக் கரையோர ஊரில் பிறந்தவராம். படகை அணியத்திலிருந்து பின்பகுதிவரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். எழுத்தையோ பாயையோ பற்றி எதுவும் சொல்லவில்லை. "அணியத்தில் ஒரு பொட்டுக்கூட வைக்காமலா கடலில் விட்டீர்கள்?" என்றார். மகள் கையைப் பிடித்துக்கொள்ள, படியில் மூன்று படி இறங்கி, கைப்பையிலிருந்த சிமிழைத் திறந்து, பட்டைகள் இரண்டும் சேரும் மூக்கு மரத்தில் குங்குமம் வைத்தார். காற்று அடித்து, கொஞ்சம் என் சட்டையிலும் விழுந்தது.

அந்தப் பொட்டு கழுவிப்போகாமல் இருக்க வேண்டும் என்பது அன்றிரவே நோட்டில் வேலையாக ஏறியது. அது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த நல்ல குங்குமம். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். தூள் மழையில் கரையும். மேலே வார்னிஷ் பூசலாம், ஆனால் பிரஷ் இழுத்தால் கலைந்துவிடும். வீட்டிலிருந்த குங்குமத்தை மிச்சப் பலகைத் துண்டில் வைத்துச் சோதித்தேன். பிரஷில் பூசியபோது சிவப்புப் புகைபோல இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது துண்டில், பல்குத்தும் குச்சியின் நுனியால் வார்னிஷைச் சொட்டுச் சொட்டாகப் பொட்டின் நடுவில் விட்டேன். அது தானாக ஓரம்வரை பரவி நின்றது, தூள் நகரவில்லை. மறுநாள் காலை பனி உலர்ந்த பிறகு, பத்து மணிக்கு, படகில் அப்படியே செய்தேன். மூன்று சொட்டு. காய்ந்ததும் அதன் மேல் மட்டும் இரண்டு பூச்சு. இப்போது நவம்பர், படகு மறுபடி கூடாரத்துக்குள் வந்துவிட்டது. பொட்டின் சிவப்பு சற்றுத் தணிந்திருக்கிறது, வட்டம் கலையவில்லை. நேற்று தபால் அம்மாள் அதைப் பார்த்தார். குனிந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது யார் செய்த வேலை?" என்று கேட்டார்.